தோற்றவர்கள் வைத்த பெயர்

சான்ட்ரிங்ஹாமிலிருந்து டவுனுக்குப் போகும் பஸ்ஸில் முன்சீட்டில் இரண்டு பெண்கள். பேச்சை வைத்துப் பார்த்தால் ஒருவர் யாழ்ப்பாணம், வரைபடம் போடும் வேலை. மற்றவள் சென்னைக்காரி. ஒட்டுக்கேட்கக் கூடாதுதான், கேட்டேன்.

"வெண்ட ஆக்களே வந்து, தோத்த ஆக்கள் வைச்ச பேரை வரைபடத்தில போடுங்கோ எண்டு சொல்லிப்போட்டினம்."

"எதுக்குக்கா?"

"அது இஞ்ச முந்தி ரெண்டு மாவோரிக் குலங்கள் சண்டைபிடிச்ச குன்று. ரெண்டு குலமும் ரெண்டு பேர் சொல்லுகினம். பிரச்சினை வருமோ எண்டு பயந்துகொண்டு ரெண்டையும் போட்டுக் காட்டினனான். வெண்ட குலத்து மனுசி தங்கட பேரை எடுக்கச் சொல்லிட்டா. 'அங்க செத்துக் கிடக்கிறது அவையின்ர ஆக்கள். அவை கூப்பிடுற மாதிரியே நாங்களும் கூப்பிடுறம்' எண்டா."

"அடேங்கப்பா! என்ன மனசுக்கா அது!"

"ஓம். என்ர ஊருக்கெண்டா, சண்டையில வெண்டு ஆமி வந்த பிறகு ஊர்ப் போர்டில வேற பேர்."

"பழைய பேர் என்னக்கா?"

அவர் மெதுவாகச் சொன்னார். சென்னைக்காரி அதைத் திருப்பிச் சொன்னாள். தப்பு. மறுபடி சொன்னாள்.

"ஓம், அதுதான்," என்றார் அவர்.

இறங்கும்வரை நானும் அதை வாய்க்குள் சொல்லிக்கொண்டே வந்தேன்.