வைக்கோல் தட்டுப்பாடு

தக்காளிக்கு வெயில் நல்லது என்று சொல்கிறவர்கள் சித்திரை மாதத்தில் மாரண்டஹள்ளிப் பக்கம் வந்ததில்லை, ஐயா. பூவெல்லாம் காம்போடு கருகி உதிர்ந்துவிடும். தப்பிப் பிடித்த காயும் வெயில் பட்ட பக்கம் வெளுத்து வெந்துபோகும். சந்தைக்குக் கொண்டுபோனால் மாட்டுக்குப் போடச் சொல்வார்கள்.

எங்கள் கிணறு எனக்கும் பெரியப்பா மகன் பச்சியப்பனுக்கும் பொது. ஒரு நாள் அவர் முறை, மறுநாள் என் முறை. அவர் முறையில் தண்ணீர் வரும். என் முறையில் மோட்டார் சேற்றைத்தான் உறிஞ்சும். கேட்டால், "ஊறுனா நீயும் எறச்சுக்கடா தீர்த்தகிரி, நானா வேணாங்கறன்?" என்பார். இதற்காக அவர்மேல் நான் கோபப்பட்டதே இல்லை. எழுதிக்கொள்ளுங்கள்.

மழைக்காகக் கொடும்பாவி இழுப்பது என்று ஊரில் முடிவானது. பெரிய பாவி ஒருவர் ஊருக்குள் இருப்பதால்தான் வானம் பொய்க்கிறது என்பது நம்பிக்கை. வைக்கோலில் உருவம் செய்து, சேலை கட்டி, தெருத்தெருவாக இழுத்து, மாரடித்து அழுது, ஊர் எல்லையில் கொளுத்துவோம். உருவம் செய்யும் பொறுப்பு என்னிடம் வந்தது. ஆனால் விளைந்தால்தானே வைக்கோல்? வீடு வீடாகக் கேட்டேன். "மாட்டுக்கே ஒரு பிடி இல்லீங்க, பொம்மைக்கு எங்க போறது?" என்று பக்கத்து வீட்டு ராமக்காள் கதவைச் சாத்தினாள்.

யோசித்துப் பார்த்தேன். மனிதனைக் கட்டினால் வைக்கோலே தேவையில்லை. அண்ணனுக்கு மத்தியானம் குடித்துவிட்டுக் கிணற்று மேட்டில் தூங்கும் பழக்கம். மண்வெட்டிக் காம்பால் ஒரே அடிதான். அதற்குமேல் அடிக்க எனக்கு மனசு வரவில்லை. சாக்கில் கட்டி, பழைய சேலை சுற்றி, தலையில் மண்சட்டியைக் கவிழ்த்துக் கண்ணும் பல்லும் வரைந்தேன். நன்றாகவே வந்தது.

சாயங்காலம் ஊரே மெச்சியது. இழுத்த இளவட்டங்கள் மட்டும் கனமாக இருக்கிறதென்று முனகினார்கள். "வயித்தப் பாருங்க, நம்ம பச்சியப்பண்ணனாட்டமே இருக்குது" என்று ராமக்காள் சிரித்தாள். அண்ணனின் மனைவி செல்லி, "இந்த மனுசன் இதுக்கும் வராம எங்க குடிச்சுட்டுக் கெடக்குதோ" என்று திட்டிக்கொண்டே மாரடித்தார். அவர் அளவுக்கு யாரும் அழவில்லை. எனக்கே கண் கலங்கிவிட்டது.

கொளுத்திய இடத்தில் அண்ணனின் வெள்ளி அரைஞாண் கிடைத்ததால்தான் நீங்கள் என்னைத் தேடி வந்தீர்கள். கழற்றாமல் விட்டது என் தப்பு. நீங்கள் வரும்வரை கிணறு முழுதும் என் முறையாக இருந்தது, செடிகள் துளிர்த்துவிட்டன. அது வேறு விஷயம்.

மழைதான் வரவில்லை. ஆகவே அண்ணன் அப்படியொன்றும் பெரிய பாவி இல்லை. செல்லி அண்ணியிடம் இதைச் சொல்லிவிடுங்கள், ஆறுதலாக இருக்கும். அப்படியானால் நிஜமான பாவி வேறு யாரோ. இங்கே உட்கார்ந்தபடியே ஊரில் ஒவ்வொரு வீடாக நினைத்துப் பார்த்துவிட்டேன், ஐயா, ஆள் யாரென்று பிடிபடவே இல்லை. எங்கள் வீட்டை மட்டும் விட்டுவிட்டேன். அங்கே இருப்பது நான் ஒருவன்தானே.