தாலி கட்டறதுக்குள்ள

ஒக்காரு தங்கச்சி, இந்த மழையில மோட்டர எடுத்துக்கிட்டு எங்க போவப் போற? அந்த அரிசி மூட்ட மேலயே ஒக்காரு லா, ஒண்ணும் ஆவாது. ஹெல்மெட்ட இப்படிக் குடு. பீடோங் மழ இப்படித்தான், ஆரம்பிச்சா நிறுத்தத் தெரியாது.

ஆங், மேச மேல இருக்கறதத்தானே கேட்ட? ஜோசியக் கட்டமெல்லாம் இல்ல. கேமு. அட்ட வச்சு வெளையாடறது. எங்க வீட்டுக்காரரு காளிதாசன் செஞ்சது. கடையில வாங்கல, அவரே யோசிச்சு, அவரே வெட்டி, அவரே ஒட்டினது.

சிரிக்காத. சரி, சிரி. நானும் சிரிச்சேன்.

அவரு கூலிம் ஹைடெக் பார்க்ல ஒரு கம்பேனில டெக்னீஷியன். வருஷக் கடைசி டின்னர்ல லக்கி டிரா போட்டாங்க. அவனவன் ரைஸ் குக்கரு, மேசக் காத்தாடின்னு தூக்கிட்டுப் போறான், இவருக்கு ஒரு பொட்டி. தொறந்து பாத்தா வெள்ளக்காரன் ஊரு கேமு. கோட்ட, குதுர, பனிமல. குதுரைக்குக் குளுருது, ஒரு தடவ ஆடாம இருன்னு ஒரு சீட்டு. பக்கத்துக் கடையில முடி வெட்டற தேவன் அண்ணனக் கூப்பிட்டு வச்சு வெளையாடினாரு. முடிச்சுட்டு, டேய் தேவா, இந்த வெயில்ல நமக்கு எதுக்குடா குதுரைக்குக் குளுரணும், நம்ம ஊருக்கு ஒரு கேமு நான் செய்யறேன்டா, அப்படின்னாரு. தேவன் அண்ணன் சரின்னு தலையாட்டினாரு. அவரு என்னா கண்டாரு, அடுத்த ஆறேழு மாசம் அவரத்தான் புடிச்சு ஒக்கார வைக்கப் போறாருன்னு!

என்னா கேமுன்னா, ஒரு வேனு. அதுல நாலு சொந்தக்காரங்க. பீடோங்லேருந்து கூலிம்ல ஒரு கல்யாணத்துக்குப் போறாங்க. ஆளுக்கு ஒரு வேல இருக்கும். ஒருத்தங்க தைக்கக் குடுத்த ஜாக்கெட்ட எடுக்கணும். ஒருத்தங்களுக்கு மொய்க்கவரு வாங்கணும். ஒருத்தருக்கு அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தடவ ஒண்ணுக்கு வரும். இன்னொருத்தரு, கோத்தா கோலா மூடா போயி மீன் வாங்கிட்டுப் போலாம்பாரு. அது கடக்கர, கூலிமுக்கு நேரெதிர்ப் பக்கம். கல்யாணத்துக்குப் போறப்ப மீனு எதுக்குன்னு கேக்காத. ஒங்க சொந்தத்துல அப்படி ஆளு இல்லையா? பாத்தியா. அவங்கவங்க வேலையும் முடியணும், தாலி கட்டறதுக்குள்ள வேனும் போய்ச் சேரணும். லேட்டானா நாலு பேருமே தோத்தாங்க.

யோசன நல்லாத்தான் இருக்கு. செய்யத் தெரியணுமில்ல? மொதல்ல மைலோ கோத்தாக்க, அதான் மைலோ வந்த அட்டப் பொட்டிய, வெட்டி ரோடு வரைஞ்சாரு. காய்க்கு என் கடையிலேருந்து வறுத்த கடல, புளியங்கொட்ட. பகடைய உருட்டு, போய்க்கிட்டே இரு, அவ்வளவுதான். தேவன் அண்ணன் ரெண்டு தடவ உருட்டிட்டுச் சொன்னாரு, டேய், எல்லாத்தையும் பகடையே செய்யுது, நான் எதுக்கு இங்க, கடையில ஒருத்தன் பாதி சவரத்தோட ஒக்காந்திருக்கான்டா. சொல்லிக்கிட்டே தன்னோட காய எடுத்து வாயில போட்டுக்கிட்டாரு. வறுத்த கடலையில்ல.

இவரு மூஞ்சி இம்மாத்தூண்டு ஆயிருச்சு. அப்புறம் ஃபோன்ல வீடியோ பாக்க ஆரம்பிச்சாரு, கேமு செய்யறது எப்படின்னு. பின்கட்டுல அலற விட்டுக்கிட்டு. ஆடறவன் யோசிச்சு முடிவெடுக்கணும், அப்பத்தான் அது கேமுன்னு யாரோ சொல்லியிருக்கான். இவரு அதப் புடிச்சுக்கிட்டு ரூலு மேல ரூலா எழுதித் தள்ளினாரு. மழ வந்தா ஒரு ரூலு, மாடு குறுக்க வந்தா ஒரு ரூலு, மழையில மாடு வந்தா அதுக்குத் தனியா. எதுத்தாப்புல பூ கட்டற செல்லாயி அக்கா இருக்குல்ல, அதுக்கு ரூலு சொல்ல ஆரம்பிச்சாரு. பாதியில கொறட்ட. கையில பாதி கட்டின சரம், வாயில நாரு, அப்படியே தூக்கம்.

எல்லாத்தையும் வெட்டினாரு. மாடு மட்டும் இருக்கட்டும்னு விட்டாரு. இப்ப நல்லா ஓடுது, ஆனா தேவன் அண்ணன் ஓட்டையக் கண்டுபுடிச்சுட்டாரு. டீ குடிக்க வேன நிறுத்தினா ஒரு பாயிண்டு, லேட்டானா எல்லாருமே தோத்தாங்கங்கற ரூலு அப்ப இன்னும் வரல. அண்ணன் பீடோங்கையே தாண்டல. நிறுத்து, டீ. நிறுத்து, டீ. கல்யாணம் போனா போவுது, நான் ஜெயிச்சுட்டேன்டான்னு துள்ளறாரு. இவருக்கு வந்துச்சு பாரு கோவம்! ரெண்டு மாசம் அவருகிட்ட முடியே வெட்டிக்கல. வேற கடைக்கும் போவல, அது துரோகமாம். கம்பேனில கேட்டாங்களாம், ஏதாச்சும் வேண்டுதலான்னு.

இன்னும் கேளு. ஒருத்தங்க வெளையாடறப்ப செஞ்சவன் வாயத் தொறக்கக் கூடாதாம், அவங்க எங்க முழிக்கறாங்கன்னு பாத்துக் கத்துக்கணுமாம். இவரால முடியுமா? அப்படி இல்லண்ணே, இப்படித்தான் அக்கான்னு நடுவுல நடுவுல பாய்வாரு. கடைசில ஒரு துண்ட எடுத்து வாய இறுக்கிக் கட்டிக்கிட்டு மூலையில ஒக்காந்தாரு. சாமான் வாங்க வர்றவங்க எல்லாம், என்னாக்கா, அண்ணனுக்குப் பல்வலியா? செல்லாயி அக்கா கிராம்புத் தைலம் கொண்டாந்து குடுத்துச்சு. இல்லன்னு சொல்லணும்னா வாயத் தொறக்கணுமே! பேசாம வாங்கித் தடவிக்கிட்டாரு.

ஆனா அன்னைக்குத்தான் தங்கச்சி, கேமு நெசமாவே ஓடுச்சு. தேவன் அண்ணன், செல்லாயி அக்கா, சாமான் வாங்க வந்த ரெண்டு பேரு, அந்த வேன்ல என்னா சண்ட, என்னா கெஞ்சல்! எனக்கு ஜாக்கெட்டுக்கு நிறுத்து, ஒனக்கு ஒண்ணுக்கு நான் நிறுத்தறேன்னு செல்லாயி அக்கா பேரம் பேசுது. கல்யாண மண்டபத்து வாசல்ல வேனு நின்னப்ப எல்லாரும் கை தட்டினாங்க. இவரு துண்டுக்குள்ளயே அழுதாரு. நான் பருப்பு நிறுக்கற மாதிரி பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன்.

நானா? நான் ஒரு தடவகூட வெளையாடினதில்ல.

இரு, எங்க எந்திரிக்கற? மழ விட்ட மாதிரித்தான் இருக்கும், திரும்பப் புடிச்சுக்கும். இன்னைக்கு செல்லாயி அக்கா வராது, மகளுக்குப் பிரசவம். நாலு பேரு இல்லன்னா இத ஆட முடியாது. இவரு, தேவன் அண்ணன், நீ. நாலாவது நான்.

போன வாரம் ஒரு ரூலு புதுசா சேத்திருக்காரு. முன் சீட்ல ரெண்டு பேரு, டிரைவரும் வழி சொல்றவங்களும். சந்தி வந்தா வழி சொல்றவங்க வாயத் தொறந்து சொல்லணும், டிரைவரு வாயத் தொறந்து பதில் சொல்லணும். கை காட்டக் கூடாது, அடுத்தவங்கள விட்டுச் சொல்லக் கூடாது. ஒருத்தர் உம்முன்னு இருந்தாலும் வேனு நேரா செம்பனத் தோட்டத்துக்குள்ள போயிரும். நல்லா ஓடற கேமுக்கு இது என்னாத்துக்குடான்னு தேவன் அண்ணன் கேட்டாரு. இவரு பேனாவ எடுத்து அந்த ரூலுக்குக் கீழ கோடு போட்டாரு. நேத்து தேவன் அண்ணன்கிட்ட சொல்றாரு, முன் சீட்டுக்கு ஒரு ஆளு வேணும், உமாராணி வருவாளான்னு கேளுடான்னு. அந்த உமாராணி, நான்தான், ரெண்டடி தள்ளி வெங்காயம் பொறுக்கிக்கிட்டு இருக்கேன்!

ஆமா லா, நாங்க ரெண்டு பேரும் பேசிக்கறதில்ல. ஒரு வருஷம் ஆவப் போவுது. என் தங்கச்சி மக கல்யாணம், கூலிம்ல. சந்தியில நான் லெஃப்டுன்னேன். ஃபோனு ரைட்டுன்னு காட்டுதுன்னு காடி ஸ்டேரிங்க ஒடிச்சாரு. செம்பன, செம்பன, எங்க பாத்தாலும் செம்பன. ஒரு மாடு நின்னு எங்களப் பாத்துச்சு. மண்டபத்துக்குப் போனா நாற்காலி அடுக்கிக்கிட்டு இருக்காங்க. என் தங்கச்சி ரெண்டு பேருக்கும் மீந்த பாயசத்தக் கட்டிக் குடுத்துச்சு. திரும்பி வர்றப்ப இவரு சொல்றாரு, நீ சத்தமா சொல்லலையே. சத்தமா! அதோட பேச்ச நிறுத்தினவதான்.

அந்தா, காடி சத்தம், வந்துட்டாரு. நீ பின் சீட்ல ஒக்காரு, ஒனக்கு மீன் வாங்கற ஆளத் தரச் சொல்றேன், அதான் ஜாலி. மொதச் சந்தி தாண்டற வரைக்கும் இருந்தாப் போதும் தங்கச்சி. சத்தம் கேட்டுப் பயந்துராத. ஒரு வருஷமாச் சேத்து வச்ச லெஃப்டு அது.