அக்கரை லயத்துக்குக் கேட்க வேண்டிய தப்பு

சித்திரை இடிமழை விட்டதும் மடுல்சீமைத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து நிறுக்க வரிசையில் நின்றோம். ஓடை பாலத்தை அடித்துக்கொண்டு போயிருந்தது. அக்கரையில் தொழிலாளர் குடியிருக்கும் லயத்தின் வாசலுக்குத் தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது. இங்கிருந்து கத்தினால் இரைச்சலில் கேட்காது. எனக்கு முன்னால் நின்றவள் கங்காணியிடம் பேசினாள்.

"காலையில வேலைக்கு ஆள் கூப்புடுற பெரட்டுத் தப்ப அடிக்கச் சொல்லுங்கய்யா. அந்தப் பக்கத்துப் பெரட்டுக்களம் மேட்டுலதான இருக்கு? சத்தம் கேட்டா எல்லாரும் ஏறிருவாங்க. எம் புள்ளைங்களும் அங்கதான் கெடக்கு."

"இந்நேரத்துல பெரட்டா? தொரை உத்தரவு இல்லாம அடிச்சா என் தலப்பாவ உருவிருவாரு."

"எழவுக்கு உத்தரவு கேக்காமத்தான அடிக்கிறீங்க?"

"அது வேற."

"செத்த பொறவு அடிச்சா அதுங்க காதுல விழாது. இப்பவே அடிங்க."

பக்கத்தில் நின்ற தப்புக்காரர் கங்காணியின் உத்தரவுக்குக் காத்திராமல் தப்பின் ஈரத்தோலைக் காய்ச்ச நெருப்பு மூட்டினார்.