கூப்பிடும் முன்னே வந்த வேன்கள்

— இறால் கம்போ சூப் ஆறிப்போகுது, ஒடீல் அக்கா. பேசிக்கிட்டே சாப்பிடு.

— சாப்பாடு கிடக்கட்டும், மேக்சின். வாசல்ல டிவிக்காரன் என்னைத் தள்ளி நிக்கச் சொல்றான். உன்னோட முதியோர் இல்லத்துப் பலகை படத்துல விழணுமாம். அதானே, புயல்ல அசையாம நின்னது உன்னுதுதானே.

— கூரையில பாதியைக் காணோம். அசையாம நின்னதாம்.

— கூரை போனா என்ன? உன் வேலையாளுங்க ஒருத்தரும் விட்டுட்டுப் போகலியே. என் இல்லத்துல இன்னும் பெயின்ட் வாசனைகூடப் போகல. ஜெனரேட்டர் ஒரு லாரி பெருசு. லூசியானாவுலயே இது மாதிரி கிடையாதுன்னு சொல்லி வித்தான். ஹூஸ்டன்லேர்ந்து ஆள் வரவழைச்சு, புயல் வந்தா யார் எங்க நிக்கணும்னு திட்டம்வேற போட்டு வச்சேன். கரண்ட் போனதும் அந்தப் பூதம் ரெண்டு தரம் இருமிச்சு, படுத்துக்கிச்சு. வேலைக்கு வரவேண்டியவங்கள்ல பாதிப் பேர் வரல. உன் சமையல்காரி என்னடான்னா படகு புடிச்சு வந்திருக்கா. என்னடி மருந்து வச்ச? சம்பளம் நான்தானே கூடக் கொடுக்கறேன்.

— மருந்தும் இல்ல, மந்திரமும் இல்ல. புயல்னா பிள்ளைங்களையும் இங்கயே கூட்டிட்டு வந்துருங்கன்னு சொல்லி வச்சிருந்தேன். வீட்டுல பிள்ளைய விட்டுட்டு எவ வருவா? அதுகூட எனக்குத் தோணல. துணி துவைக்கிற டெல்ஃபின்தான் மூஞ்சிக்கு நேரா கேட்டா.

— உன் மூஞ்சிக்கு நேராவா?

— நல்லா ஏசவும் செஞ்சா. நியாயமாத்தான் இருந்துச்சு. இங்க ஒருத்தர் வேலைய இன்னொருத்தரும் பழகி வச்சிருக்காங்க. டிரைவருக்கு ஆக்சிஜன் சிலிண்டர் மாத்தத் தெரியும். பம்பு நின்னா என்னைத் தேடிக்கிட்டு ஓடி வர மாட்டாங்க. சரி பண்ணிட்டு அப்புறம் வந்து சொல்லுவாங்க.

— என்கிட்ட எவளும் வாயைத் திறந்ததில்ல. எப்பக் கேட்டாலும் 'எல்லாம் நல்லா இருக்கு, மேடம்'தான். ஒருத்தன் மட்டும் ஜெனரேட்டர் சரியில்லன்னு வந்து நின்னான். புது மிஷினைக் குறை சொல்றியான்னு அன்னைக்கே வீட்டுக்கு அனுப்பிட்டேன்.

— ம்.

— என்ன 'ம்'? சின்ன வயசுலேர்ந்தே இதே கதைதான். விழுந்து விழுந்து சமைக்கறது நான், ஊரே போய் உன் தட்டைச் சுத்தி நிக்கும். இப்ப உன் வேன்ல இங்க வந்து சேர்ந்த என் இல்லத்துப் பெரியவங்களும் உன் பக்கம். அவங்கள்ல கீட்ரி ஐயா என்னைக் கூப்பிட்டு, 'நாங்க இங்கயே இருந்துக்கட்டுமா'ங்கறார். எனக்கு வயிறு எரியுதுடி. வெளிய சொல்லிட்டேன், போ.

— எரிஞ்சா எரியட்டும். அத்தனை பேரும் உயிரோட இருக்காங்க. அதைப் பாரு.

— அதுவும் உன் புண்ணியம்தானே. இரு, ஒண்ணு கேக்கணும். கரண்டோட சேர்ந்து போன் டவரும் போச்சு. நான் உன்னைக் கூப்பிடவே முடியல. ஆனா உன் வேன்கள் எங்க வாசல்ல வந்து நிக்குது. புயலுக்காக நடுவுல இருக்கற பாலத்தை மூடறதுக்கு முன்னாடியே கிளம்பியிருந்தாத்தான் அது முடியும். அப்ப எங்க விளக்கெல்லாம் நல்லா எரிஞ்சுக்கிட்டு இருந்துச்சு. என் ஜெனரேட்டர் ஓடாதுன்னு உனக்கு எப்படித் தெரியும்?

— விடுக்கா.

— விட மாட்டேன்.

— உன் இல்லத்துலேர்ந்துதான் சொன்னாங்க. அன்னைக்குக் காலையில.

— காலையிலயா? நான் அங்கயேதானே உக்காந்திருந்தேன். என்கிட்ட ஒரு வார்த்தை இல்லியே.

— அன்னைக்கு மட்டும் இல்லக்கா. நீ திறந்த நாள்லேர்ந்தே அங்க எது கெட்டாலும் எனக்குத்தான் போன் வரும். 'உங்க அக்காகிட்ட நீங்களே பக்குவமாச் சொல்லுங்க'ம்பாங்க. நானும் ஜாடைமாடையாச் சொல்லிப் பாத்தேன். நீதான் 'என் இல்லத்தைப் பாத்து உனக்குப் பொறாமை'ன்ன.

— யாரு அது?

— வேணாம்க்கா.

— மேக்சின், பேரைச் சொல்லு.

— பேரைத்தான் கேக்குற. இன்னும் என்னென்ன கெட்டுக் கிடக்குன்னு சொன்னாங்கன்னு கேக்கலியேக்கா.