பச்சை லைட்டு வர்ற வரைக்கும்

அட, நெட் பெட்டியை அவ்வளவு உசரத்துல ஏன் வச்சிருக்கோம்னா கேக்குறீங்க? எட்டலையா? இந்தாங்க ஸ்டூல், ஏறிக்கோங்க. பாத்து, ஒரு கால் ஆடும். நான் பிடிச்சுக்கிறேன். வேணாம்னெல்லாம் சொல்லாதீங்க தம்பி, இந்த ஸ்டூலைப் பிடிக்கிறது எனக்கு நல்லாப் பழகிப்போச்சு. உசரம் எதுக்குன்னா, கீழ என் தையல் மெஷின் இருக்குல்ல, நாள் முழுக்கத் துணித் தூசி பறக்கும். பெட்டிக்குள்ள போயி அடைச்சுக்கிட்டா அப்புறம் அதுக்கு வேற உங்களைக் கூப்பிடணும். அதான். வேற என்ன இருக்கு.

உங்களுக்கு முன்னாடி வந்தவரும் இதையேதான் கேட்டாரு. அவருக்கும் முன்னாடி ஒருத்தர் வந்தாரு பாருங்க, அவரு எதுவுமே கேக்கல. வந்தாரு, வயரை மாத்துனாரு, இனிமே பிரச்சினையே வராதும்மான்னு சொல்லிட்டுப் போயிட்டாரு. மறுநாளே நெட் போச்சு. அப்புறம் வந்தவரு, எலி கடிச்சிருக்கும்னாரு. துணியை வச்சுப் பொழைக்கிறவ நான், என் வீட்டுல எலி இருந்தா எனக்குத் தெரியாதா? யாருகிட்ட கதை விடுறாரு!

தினமுமான்னா… தினமும்னு சொல்லிட முடியாது. நேத்து போகல. அதுக்கு முந்தின நாள் போச்சு. பெரும்பாலும் சாப்பாட்டு நேரத்துக்கு அப்புறந்தான் போகும். மழை வெயிலுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல. ஏன் அப்படி முழிக்கிறீங்க? நெட் எப்பப் போகும்னு அதுகிட்டத்தான் கேக்கணும், என்கிட்டக் கேட்டா?

கம்ப்ளெயின்ட் போட்டது நான் இல்லங்க. என் பெரிய பொண்ணு. அவ வெளிநாட்டுல இருக்கா. என் பையன் அவளுக்கு மெசேஜ் போட்டிருக்கான், அக்கா நெட் சும்மா சும்மா போகுது, ஏதாவது பண்ணுன்னு. அவ எனக்குப் போன் போட்டு, அம்மா நெட் போகுதாமேங்கிறா. பையன் எங்க இருக்கானா? இதோ, உங்களுக்குப் பின்னால தெரியுதுல்ல கதவு, அதுக்கு உள்ளதான். கூப்பிடுற தூரம். சேதி மட்டும் கடலைத் தாண்டிப் போயிட்டுச் சுத்தி வருது. சிரிக்காதீங்க, எனக்கே சிரிப்புத்தான் வருது சில நேரம்.

கம்ப்யூட்டர் மூணு. இது என்னோடது. பழசு, அவன் வேண்டாம்னு குடுத்தது. யாராவது போன்ல போட்டோ காட்டி இந்த மாதிரி வேணும்பாங்க, இதுல பெருசாப் போட்டுப் பாத்துத் தைப்பேன். மத்த ரெண்டும் அந்த ரூம்ல. எல்லாத்துக்கும் இந்த ஒரே பெட்டியிலேருந்துதான் போகுது. அவன் மாட்டினதுதான். இப்ப இருக்குறவன் இல்ல, அப்ப இருந்தவன். முதல் வேலையில சேந்த புதுசு. அவனே வாங்கிட்டு வந்தான், வயருக்கு அவனே சுவத்துல ஆணி அடிச்சான், தரை பூரா வயரு. அம்மா, இங்கேருந்து ரூம் வரைக்கும் அளந்து சொல்லுன்னான். நான் என் தையல் டேப்பை எடுத்துக்கிட்டு முட்டி போட்டு அளந்தேன். என் கம்ப்யூட்டர்ல நெட் வந்ததும் கையைத் தட்டிட்டு, இப்ப நீயும் நானும் ஒரே லைன்மா, அப்படின்னான். அப்பல்லாம் வாய் ஓயாது அவனுக்கு. போதும்டா, கொஞ்சம் வாயை மூடுடான்னு நானே சொல்லியிருக்கேன்.

நெட்டு பேரா? இப்ப என்ன பேரு காட்டுது? ஆமா, அம்மா மெஷின். அவன் வச்சதுதான். புதுப் பெட்டியிலயும் அதையே போடவா, மாத்தவான்னா… அவனைத்தான் கேக்கணும். அவன் ஏதோ நம்பர் மாதிரி ஒண்ணு அனுப்பியிருக்கானாமே? சரி, அதையே போட்டுருங்க. அவன் இஷ்டம்.

இருங்க, இருங்க. எனக்கு இது விளங்கல. பெரிய பெட்டி அவன் ரூம்லயா? இங்க வைக்கப்போறது அதுலேருந்து வாங்கித் தர்ற குட்டிப் பெட்டியா? அப்ப லைன் வெளியேருந்து நேரா அவன் ஜன்னல் வழியா உள்ள போயிடுமா? அப்படித்தான் ஆர்டர் வந்திருக்கா. பேட்டரி வேறயா? கரண்டு போனாலும் நிக்காதாமா? பரவாயில்லையே. ஒரு பேச்சுக்குக் கேக்குறேன், இங்க இருக்குற குட்டிப் பெட்டியை யாராவது பிடுங்கிட்டாக்கூட, அங்க ஓடிக்கிட்டுத்தான் இருக்குமா?

ஓ.

இல்ல, ஒண்ணுமில்ல. சும்மாதான் கேட்டேன். நீங்க வேலையைப் பாருங்க.

அவன் வேலைக்குப் போறதில்லங்க. முன்ன போனான், அப்புறம் வீட்டுலேருந்தே பாத்தான், அப்புறம் அவங்க மொத்தமா ஆள் குறைச்சாங்க, அதுல இவனும் போனான். சரி, ரெண்டு நாள் தூங்கட்டும்னு நானும் விட்டேன். அந்தக் கதவு அப்பச் சாத்தினதுதான். சண்டை கிண்டை எதுவும் இல்ல. ஒரு வார்த்தை தப்பாப் பேசினதில்ல அவன். கத்திட்டுப் போயிருந்தாக்கூட மனசு ஆறும். உள்ளேயே பாத்ரூம் இருக்கு, அவங்கப்பா உசிரோட இருந்தப்ப ஆசைப்பட்டுக் கட்டினது. வாசல்ல தட்டை வச்சிட்டு நான் இந்தப் பக்கம் வந்து மெஷினை மிதிக்கணும். சத்தம் கேட்டாத்தான் கதவு திறக்கும். திரும்பிப் பாத்தா தட்டு இருக்காது.

டாக்டரா? போனேன், நான் மட்டும் போனேன். கூட்டிட்டு வாங்கன்னாரு. கூட்டிட்டு வர முடிஞ்சா நான் ஏன் உங்ககிட்ட வர்றேன்னு கேட்டுட்டு வந்துட்டேன். மாத்திரை எழுதிக் குடுத்தாரு, எனக்கு. நல்லாயிருக்கா கூத்து! பொண்ணு சொல்றா, சரியாயிடும்மா, கொஞ்ச நாள் ஆகும்னு. ஆகாது தம்பி. எனக்குத் தெரியும். பெத்தவளுக்குத் தெரியும்ல.

என்ன பாக்குறீங்க? ப்ளக்கா? லூசா இருக்கா. ஆமா, ஆமா, பழசு. இல்ல, சுவத்துல இருக்குற ஓட்டையும் தேஞ்சுதான் போச்சு. பிடுங்கிப் பிடுங்கி மாட்டுனா இப்படித்தான் ஆகும்னா சொல்றீங்க? லைன்ல ஒரு குறையும் இல்லையா. முன்னாடி வந்தவங்க எழுதி வச்சதுலயும் ஒரு கோளாறும் இல்லையா.

நீங்க கெட்டிக்காரருதான். கீழ இறங்கி உக்காருங்க. உக்காருங்க, நின்னுக்கிட்டே கேக்க வேணாம்.

நான்தான் பிடுங்குறேன்.

ஒரு தடவை நிஜமாவே கோளாறாயி நின்னுச்சு. கதவு திறந்துச்சு. அம்மா, நெட் போச்சுன்னு வந்து நின்னான். எனக்குக் கையில ஊசி குத்தினதுகூடத் தெரியல. தாடியெல்லாம் வளந்து, கண்ணு சுருங்கி, வெளிச்சம் பழகாம நிக்கிறான் என் புள்ள. பெட்டி அப்ப மேசை மேல இருந்துச்சு. பட்டனை அமுக்கினான், லைட்டு முதல்ல சிவப்பு, அப்புறம் மினுக்கும், அப்புறம்தான் பச்சை. அதுவரைக்கும் இங்கதான் நின்னான். சாப்பிட்டியாடான்னேன். ம்னான். அந்த ஒரு ம் எனக்கு ரெண்டு நாளைக்குப் போதுமா இருந்துச்சு.

அப்புறம்தான் நான் பெட்டியை மேல ஏத்தினேன். அப்பத்தான் அவன் ஸ்டூல்ல ஏறணும், நான் பிடிச்சுக்கணும். அவன் காலு இதோ, என் கண்ணுக்கு நேரா இருக்கும். நகம் வெட்டாம வளந்து கெடக்கும். என் கத்திரியாலயே வெட்டி விட்ரலாம்னு தோணும், கேட்டா ஓடிருவானோன்னு பயந்துக்கிட்டுச் சும்மா இருப்பேன். ஒரு நாள் நல்லா மழை. நான், நீ மேல ஏறுறப்போ, சின்ன வயசுல மாமரத்துல ஏறி மாட்டிக்கிட்டியே, அதாண்டா ஞாபகம் வருதுன்னேன். சிரிச்சான் தம்பி. சத்தமில்லாம, ஆனா ஸ்டூல் ஆடுச்சு. அதனால எனக்குத் தெரியும், சிரிச்சான்.

தப்புன்னு தெரியும். அவன் உள்ள என்ன பாத்துக்கிட்டிருக்கானோ, யாரோட பேசிக்கிட்டிருக்கானோ, அதைப் பாதியில அறுத்து விடுறேன்னும் தெரியும். அதுக்காக நான் வேற எங்க போயி என் புள்ளயைப் பாக்குறது?

முந்தாநாள் ஏறினவன் பட்டனை அமுக்கல. ப்ளக்கைப் பாத்தான். அது பாதி வெளிய தொங்கிக்கிட்டிருந்துச்சு, அவசரத்துல சரியா மாட்டாம விட்டுட்டேன் போல. குனிஞ்சு என்னைப் பாத்தான். அவனே மாட்டினான், இறங்கினான், போயிட்டான். அன்னைக்குத்தான் அக்காவுக்கு மெசேஜ் போயிருக்கு. லைனை நேரா என் ரூமுக்கே போடச் சொல்லுன்னும் கேட்டிருக்கான்னு இப்பத்தான் புரியுது. ஆனா பாருங்க, அம்மா பிடுங்குறான்னு அவகிட்டச் சொல்லல. நெட் போகுதுன்னுதான் சொல்லியிருக்கான். என்னைக் காட்டிக் குடுக்கல. அந்த அளவுக்கு என் மேல இன்னும் இருக்குன்னு வச்சுக்கிட்டேன். வேற என்னத்தை வச்சுக்க.

சே, நீங்க எதுக்கு முகத்தை அப்படி வச்சுக்கிறீங்க. உங்க மேல என்ன இருக்கு? போடச் சொன்னதைப் போட்டுட்டுப் போங்க. போடாமப் போனா நாளைக்கு இன்னொருத்தர் வருவாரு. அவன் கேட்டு வாங்குற ஒரே பொருள் இது, அதையும் நான் வேண்டாம்னா எப்படி?

இப்ப உள்ள போயி வேலை பாக்கணும்ல நீங்க? கதவைத் தட்டி, அம்மா கூப்பிடுறாங்கன்னு மட்டும் சொல்லிடாதீங்க. நெட்டுக்காரர் வந்திருக்கேன்னு சொல்லுங்க, உடனே திறப்பான்.

திறக்குறப்போ கொஞ்சம் ஓரமா நில்லுங்க தம்பி. நான் இங்கேருந்தே பாத்துக்கிறேன்.