வட்டம் சுத்தட்டும் விடுங்க

அய்யோ, அதை அணைச்சுடாதீங்க தம்பி! கையை எடுங்க, சொல்றேன். முதல்ல இந்த டீயைக் குடிங்க.

கம்ப்யூட்டர் ரிப்பேர் பண்ற ஆளுக்கே பாடம் எடுக்கிறாளேன்னு பாக்குறீங்க. ஆன் ஆக நேரமாகுதுன்னு எங்க மகதான் உங்களுக்கு போன் போட்டுட்டா. எங்கேயோ இருந்துகிட்டு அவளுக்கு எல்லாத்துலயும் அவசரம். எங்களுக்கு என்ன அவசரம் சொல்லுங்க?

ஆமா, நீங்க அணைக்கப் போனது பிரிண்டரோட புரோகிராம். பிரிண்டரா? அது பழைய சாமான்காரர்கிட்ட போயி ரொம்ப நாளாச்சு. இருக்கட்டுமே, இது பாட்டுக்கு ஒரு ஓரமா அதைத் தேடிக்கிட்டு இருக்கட்டும்.

அதுவா, மழை வருமான்னு சொல்லும். ஜன்னல் பக்கத்துலயேதான் இருக்கு, தெரியும். சிரிக்காதீங்க. கார் ரேஸா? அது... நான் ஆடுறதுதான். சரி, ஆடினதில்ல. எல்லாமே, கம்ப்யூட்டரைப் போட்டதும் நானும் கூடவே ஓடட்டுமான்னு கேட்டுச்சு. பாவம், கேக்குதே, வேணாம்னு சொல்ல மனசு வரல. டிக் போட்டேன்.

உங்ககிட்ட மறைச்சு என்ன ஆகப்போகுது. எட்டிப் பாருங்க, அவரு வந்துட்டாரா? பால் வாங்கப் போறேன்னு போனாரு. ஃப்ரிட்ஜ்ல ரெண்டு பாக்கெட் கிடக்கு. ஆனா உங்க வண்டிச் சத்தம் கேட்டதுமே பையைத் தூக்கிக்கிட்டு கிளம்பிட்டாரு.

இந்தக் கம்ப்யூட்டர் வந்த புதுசுல, பட்டனைத் தட்டினா போதும், உடனே செஸ்ஸுதான். எதிர்ல ஆடுறது யாருன்னுகூட அவருக்குத் தெரியாது. காதுல ஹெட்ஃபோன் வேற. ரிட்டயர் ஆனா மனுஷன் என்னோட இருப்பாருன்னு காத்துக்கிட்டு இருந்தேன். கிடைச்சது முதுகுதான். முதுகுகிட்ட எத்தனை நாள் பேசுறது? அழுகையா வரும் தம்பி.

அந்தப் பிரிண்டர் வாங்கின அன்னைக்குத்தான் எனக்குப் பிடிபட்டுச்சு. திரையில வட்டம் சுத்துது, சுத்துது, ஆன் ஆகவே மாட்டேங்குது. போரடிச்சு சமையல்கட்டுக்கு வந்தாரு. கதவுல சாஞ்சுக்கிட்டு வெங்காயம் உரிச்சுக் குடுத்தாரு. அவங்க ஆபீஸ் மேனேஜர் பெயிண்ட் காயாத நாற்காலியில உக்காந்த கதையைச் சொன்னாரு. இத்தனை வருஷத்துல நான் கேட்டதே இல்ல! கண்ணுல தண்ணி வரச் சிரிச்சேன், பழியை வெங்காயத்து மேல போட்டேன். உள்ள டிங்னு சத்தம் வந்துச்சு, பாதியில போட்டுட்டு ஓடிட்டாரு.

அன்னையிலிருந்து இந்தப் புரோகிராமையெல்லாம் ஒண்ணொண்ணா சேர்த்தேன். வைரஸ் கிரைஸ் எதுவும் கிடையாது, நல்ல இடமா பாத்துத்தான் எடுத்தேன். இப்பல்லாம் பூண்டு வரைக்கும் வந்துட்டாரு.

நீங்க எல்லாத்தையும் அணைச்சுட்டுப் போனா எனக்குத் திரும்ப முதுகுதான். வீடியோவுல அப்பா மூஞ்சி கட்டம் கட்டமா வருதுன்னு மக சொல்றா, அதை மட்டும் சரி பண்ணிடுங்க. ஆன் ஆகுறது இப்படியே இருக்கட்டும். கேட்டா வயசாயிடுச்சுன்னு சொல்லுங்க. கம்ப்யூட்டருக்கு!

என்னது, மீன் தொட்டியா? அது நான் போடலையே. கிளி மணி சொல்றதா? அதுவும் இல்ல தம்பி. போன வாரம்தான் ஏத்தியிருக்கா? இந்த வீட்டுல இருக்கறதே நாங்க ரெண்டு பேருதானே...

ஏன் சிரிக்கிறீங்க? வாசல்ல உங்களை மறிச்சாரா? எதையும் அணைக்காதீங்கன்னா? அவரா சொன்னாரு?

அட மனுஷா.

வாசக்கதவு சத்தம் கேக்குது, வந்துட்டாரு. நான் ஒண்ணும் சொல்லல, நீங்களும் ஒண்ணும் சொல்லல, சரியா? கிளம்புறப்ப கம்ப்யூட்டரை ஒருதரம் அணைச்சு ஆன் பண்ணிட்டுப் போயிடுங்க. நான் போய் வெங்காயத்தை எடுத்து வைக்கிறேன்.