வில்லை விழுங்கிய லேப்டாப்

முக்கூடல் பஸ்ஸில் முன்சீட்டுப் பெரியவர் சொன்ன ஒரு வரிக்காகவே காதிலிருந்த ஹெட்போனைக் கழற்றினேன்.

"எங்க மதினி அடிச்ச வில்ல அந்த லேப்டாப் முழுங்கிட்டு வே!"

அவர் பக்கத்திலிருந்த இளைஞர் சிரித்தார். "அது என்ன மலைப்பாம்பா அண்ணாச்சி?"

"சிரிக்காதீரும். கோயில் கொடைத் திருவிழாவுக்கு வில்லுப்பாட்டு கேட்டாங்கன்னு, மாதிரிக்கு வீட்லயே லேப்டாப்புல பதிஞ்சு அனுப்புனோம். குரல் மட்டும் கேக்குது, வில்லுல கெட்டுன மணிச் சத்தத்தக் காணோம். 'வில்லே இல்லாத வில்லுப்பாட்டு எதுக்கு'ன்னுட்டாங்க. மதினி வில்லப் பரண்ல தூக்கிப் போட்டுட்டா."

"மணி விடாம குலுங்குதுல்லா, இரைச்சல்னு நெனச்சு லேப்டாப்பே அழிச்சிருக்கும். அதான் மைக்க மாட்டிப் பதியுத என் சவுண்ட் கார்டுப் பெட்டியத் தந்தேன்."

அந்தச் சின்னப் பெட்டி பெரியவர் மடியில் துண்டு சுற்றி இருந்தது.

"அத மாட்டி, வில்லத் தாங்குத குடத்துக்குத் தனி மைக்கு வச்சுப் பதிஞ்சோம். நேத்து கோயில்காரங்க வெத்தல பாக்கோட வீட்டுக்கே அழைக்க வந்துட்டாங்க வே!"

"உண்மையச் சொல்லணும்லா. லேப்டாப்புல அந்த அழிக்கித செட்டிங்க அணைச்சிருந்தாலே மணி கேட்டிருக்கும். பெட்டியில இன்னும் தெளிவா விழும், அவ்வளவுதான்."

பெரியவர் துண்டைப் பிரித்துப் பெட்டியை அவரிடம் நீட்டினார்.

"அத அன்னைக்கு எங்களுக்கு யாரு வே சொன்னா? கேட்டதும் பெட்டியத் தூக்கிட்டு வந்தது நீருதான. சாமிக்கும் குருவுக்கும் அடுத்தாப்ல உமக்கும் ஒரு வணக்கம் பாடுதேன்னு மதினி சொல்லிருக்கா. நீரும் கொடைக்கு வந்துரும். நான் லேப்டாப்பையும் தூக்கிட்டு வாரேன். மணிச் சத்தத்த நேர்லயாவது அது கேக்கட்டும்."